விளக்கு வைக்கிற நேரத்தில் வெளியே

வசந்தமலர் அக்காவைப் பற்றிச் சொல்வதென்றால் ஆக்லாந்தின் சாயங்காலத்தைத் திட்டிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். அது ஓரிடத்தில் நிற்காது. ஜூன் மாதத்தில் ஐந்து மணி அடித்துக் கொஞ்ச நேரத்துக்குள் இருட்டிவிடும். கிறிஸ்துமஸ் சமயத்தில் இரவுச் சாப்பாடு முடித்துப் பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகும், சூரியன் போக மனமில்லாமல் பின்வேலியில் உட்கார்ந்திருக்கும். இது போதாதென்று வருடத்துக்கு இரண்டு தடவை அரசாங்கமே கடிகாரத்தை முன்னும் பின்னும் தள்ளிவைக்கும். நமக்கெல்லாம் இது வாய்க்கு ஒரு பேச்சு. அக்காவின் வாழ்க்கையே இதற்குள்தான் மாட்டிக்கொண்டிருந்தது.

அவர் யாழ்ப்பாணத்துக் கொக்குவில்காரர். தொண்ணூறாம் வருடம் கணவர் சதாசிவத்தோடும் மகள் ராகவியோடும் இங்கே வந்து, சான்ட்ரிங்ஹாமில் ஒரு பழைய மர வீட்டில் வாடகைக்கு இருந்தார். மகன் ஜனார்த்தன் வரவில்லை. அதற்கு இரண்டு வருடம் முன்பு, பத்தொன்பது வயதில், ஒரு பிற்பகல் சைக்கிளை எடுத்துக்கொண்டு, விளக்கு வைக்கிறதுக்கு முன்னம் வந்திடுவன் என்று சொல்லிவிட்டுப் போனவன் திரும்பவே இல்லை. யார் கொண்டுபோனார்கள், எங்கே கொண்டுபோனார்கள் என்று அவர்கள் போய்க் கேட்காத இடமில்லை. பதில் சொன்னவர் ஒருவருமில்லை.

அந்த நாட்களில் அக்கா ஒரு நேர்த்தி வைத்தார். மகன் வந்து சேரும்வரை ஒவ்வொரு நாளும் பொழுதுபடுகிற நேரத்தில் தன் கையாலேயே வாசலில் விளக்கு ஏற்றுவது. எண்ணெய் தீர்ந்து அது தானாக அணையும்வரை அதன் பக்கத்தை விட்டு விலகுவதில்லை. ஒரு நாள் தவறினாலும் அவன் வரமாட்டான். இந்தக் கடைசி நிபந்தனையைக் கடவுளிடம் சொன்னாரா, அல்லது பிறகு தனக்குள்ளேயே சேர்த்துக்கொண்டாரா, எனக்குத் தெரியாது. எப்படியிருந்தாலும் அவர் அதை நம்பினார்.

யாழ்ப்பாணத்தில் இருந்தவரை இது பெரிய தொந்தரவாக இருக்கவில்லை. அங்கே பொழுது அரசாங்க உத்தியோகத்தர் மாதிரி, வருடம் முழுவதும் ஆறுக்கும் ஆறரைக்கும் இடையில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடும். அந்தக் கணக்கை வைத்துச் செய்த நேர்த்தியைத் தூக்கிக்கொண்டு அவர் பூமியின் அடிப்பக்கத்துக்கு வந்துவிட்டார். இப்படியொரு தப்பை யாழ்ப்பாணத்து மக்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள் என்று நான் அவரிடமே சொல்லியிருக்கிறேன். ஓம், அங்கை ஆர் கண்டது என்று சிரிப்பார்.

என் பெயர் நிர்மலாதேவி. ஈப்போவில் பிறந்தவள். ஆக்லாந்தின் ஒடாஹுஹுவில் ஒரு போட்டோ கடையில் நான் முன்னால் கவுண்டரில் நின்றேன், அக்கா பின்னறையில் பிரின்ட் மெஷினில் இருந்தார். பின்னறைக்கு ஜன்னல் கிடையாது. மற்றவர்கள் எடுத்த கல்யாணம், குழந்தை, நாய்க்குட்டி, கடற்கரை எல்லாம் நெகட்டிவாக அவர் கையில் வந்து, நிறம் சரிபார்க்கப்பட்டு, உறைக்குள் போகும். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், அவருக்கு வரவே வராது. அதனாலோ என்னவோ எங்களுக்குள் ஒத்துப்போயிற்று.

மே மாதம் பிறந்தால் அவர் மூன்றரைக்கே கைப்பையைத் தோளில் போட்டுக்கொள்வார். இரண்டு பஸ் மாறி சான்ட்ரிங்ஹாம் போய்ச் சேர்வதற்குள் பொழுது முந்திவிடக் கூடாது. முதலாளி நல்ல மனிதர். காலையில் கடை திறப்பதற்கு முன்பே வந்து மெஷினைச் சூடாக்கிவிடுங்கள், போகிற நேரத்தை நான் கேட்க மாட்டேன் என்று விட்டிருந்தார். கோடையில் நேரம் தாராளமாக இருக்கும், ஆனால் அதிலும் விடுதலை இல்லை. யார் வீட்டு விருந்தென்றாலும் எட்டு மணிக்கு அக்கா எழும்புவார். இரண்டு வருடத்தில் ஒரு கல்யாண வரவேற்பு, ஒரு பிறந்தநாள், ராகவியின் பள்ளிக்கூடக் கச்சேரி என்று எதிலும் அவர் கடைசிவரை இருந்ததில்லை. ராகவி ஒரு சமயம், "ஜஸ்ட் ஒன் நைட், அம்மா" என்று கேட்டுப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு கேட்பதை விட்டுவிட்டாள்.

மற்றவர்கள் கெடுத்தது இதைவிட அதிகம் என்றுதான் நான் சொல்வேன். விஷயம் தெரிந்ததும் ஊரிலிருந்து வந்த சனம் அவரைக் கும்பிடத் தொடங்கிவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் எண்ணெய்ப் போத்தலோடு வருவார்கள். விசா கிடைக்க, வீட்டுக்கு மார்ட்கேஜ் கிடைக்க, பிள்ளை பிறக்க, எல்லாவற்றுக்கும் அக்காவின் விளக்கில் ஒரு கரண்டி எண்ணெய். சதாசிவம் அண்ணர் அதில் பெருமைப்பட்டார். அவர் ஊரில் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தவர், இங்கே விரி என்ற புறநகரில் ஒரு கிடங்கில் பெட்டி தூக்கினார். பெருமைப்பட அவருக்கும் ஏதாவது வேண்டுமே. சுற்றி இத்தனை பேர் கும்பிட்டுக்கொண்டு நிற்கும்போது ஒரு மனுஷி எப்படி எழும்பி ஓடுவாள்?

அக்கா ஒரு சாயங்காலப் படம் எடுத்த கதை தொடங்கியது ஒரு வாடிக்கையாளரால். நியூசிலாந்தின் தென்கோடிக்குப் போய் வந்த ஒரு வயதான வெள்ளைக்காரர், கடலுக்கு மேலே தெற்கு வானத்தில் தோன்றும் ஒளியை எடுத்து வந்திருந்தார். வட துருவத்தில் தெரிவது போல இங்கே தென் துருவத்துப் பக்கமாகத் தெரியும், பச்சையும் சிவப்புமாகத் திரைச்சீலை மாதிரி ஆடும் என்று என்னிடம் கவுண்டரில் விவரித்தார். எங்கள் மெஷின் என்ன செய்தது? படம் முழுக்க ஒரே நிறமாக இருந்தால், எடுத்தவன் ஏதோ தவறு செய்துவிட்டான் என்று அதுவாகவே திருத்திவிடும். சிவப்பைக் கழுவித் துடைத்துச் சாம்பலாக்கிக் கொடுத்துவிட்டது. அந்த நிறத்தை முன்பின் பார்த்திராத அக்காவும் அதை உறையில் போட்டுவிட்டார்.

கிழவர் திரும்பி வந்து குதித்தார். அக்கா முன்னால் வந்து, உண்மையில் என்ன நிறம் என்று சொன்னால் மறுபடி போட்டுத் தருகிறேன் என்றார். கிழவர் சொல்லப் பார்த்தார், கையால் காட்டப் பார்த்தார், கடைசியில் கோபம் இறங்கிப்போய், அதை நேரில் பார்த்தால்தான் தெரியும் அம்மா என்றார். எப்படி எடுப்பது என்பதையும் சொல்லிக் கொடுத்தார்: காமிராவை அசையாமல் வைத்து, ஷட்டரை ஒரு பாட்டு நேரம் திறந்தே பிடிக்க வேண்டும், பக்கத்தில் வேறு வெளிச்சம் இருக்கவே கூடாது.

அவர் போன பிறகு அக்கா பின்னறைக்குள் போகாமல் நின்றார்.

"நான் இஞ்ச வந்து ஒரு பொழுதுபாட்டைக்கூட வெளியில நிண்டு பாக்கேல்லை, நிர்மலா," என்றார். "எல்லாற்ற பொழுதுபாட்டுக்கும் நான்தான் நிறம் போடுறன்."

என் அண்ணன் விட்டுப்போன பென்டாக்ஸ் காமிரா வீட்டில் சும்மா கிடந்தது. அதை அவருக்குக் கொடுத்தேன். அக்கா அதை வைத்து ஞாயிற்றுக்கிழமைகளில் ரோஜாச் செடி, தபால் பெட்டி, ராகவியின் சப்பாத்து என்று எடுத்துத் தானே பிரின்ட் போட்டுப் பழகினார். எல்லாமே மத்தியானப் படங்கள்.

தொண்ணூற்றிரண்டு மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சான்ட்ரிங்ஹாம் கடையில் மளிகை வாங்கிவிட்டு அக்கா வீட்டில் எட்டிப் பார்த்தேன். சதாசிவம் அண்ணருக்கு விரியில் ஓவர்டைம். ராகவி சிநேகிதி வீட்டில் இருந்தாள். அக்கா விளக்கு ஏற்றி முடித்து, வாசல் கதவைத் திறந்து வைத்தபடி உள்ளே விரித்த பாயில் இருந்தார். மர வீடு, கார்ப்பெட் தரை. விளக்கை, குளியலறைச் சுவருக்குப் பதிக்கிற ஓடு ஒன்றின் மேல் வைத்திருப்பார். கைக்குள் அடங்குகிற சின்னப் பித்தளை விளக்குத்தான். நான் தேத்தண்ணி குடித்துவிட்டுப் புறப்பட்டுப் படியில் இறங்கியபோது, எதிர்வீட்டுக் கூரைகளுக்கு மேலே தெற்கு வானம் சிவந்திருந்தது.

சூரியன் மேற்கே போய் நேரமாகிவிட்டது. தெற்கே சிவப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. நான் நெருப்பு என்று நினைத்தேன். "அக்கா, அந்தப் பக்கம் எதுவோ எரியுது," என்றேன்.

அவர் பாயிலிருந்தே வாசலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார். எழும்பிப் போய்க் கூடத்து லைட்டை அணைத்தார், குசினி லைட்டை அணைத்தார், திரைச்சீலைகளை இழுத்து மூடினார், என்னைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துச் சுவரோடு உட்காரவைத்தார். எல்லாம் ஒரு நிமிஷத்துக்குள் நடந்து முடிந்தது. அவருடைய ஊரில் பொழுதுபட்ட பிறகு வானம் சிவந்தால் அது எங்கேயோ ஒரு ஊர் எரிகிற சிவப்பு. ஆக்லாந்தில் இருக்கிறோம் அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் என் தலையைப் பிடித்துக் கீழே அமுக்கினார்.

அணைக்காமல் விட்டது ஒன்றுதான், அந்த விளக்கு.

"விரி அந்தப் பக்கம்தானே," என்றார். "இவர் அங்கைதானே நிக்கிறார்."

போன் கூடத்தில் இருந்தது. விளக்கிலிருந்து கண்ணை எடுக்காமலே கிடங்கு நம்பரைச் சுழற்றினார். அது அடித்துக்கொண்டே இருந்தது. அந்தச் சில நிமிஷம் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. மகனுக்காகக் காத்திருந்த அதே வாசலில் இப்போது கணவனுக்காகவும் காத்திருக்கிற மாதிரி இருந்தது. கடைசியில் யாரோ எடுத்து, சதாசிவம் அண்ணரைக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். அவர் மூச்சு வாங்கப் பேசினார். ஒன்றும் எரியவில்லை, எல்லோரும் முற்றத்தில் நின்று வானத்தைப் பார்க்கிறோம், தெற்கு ஒளி ஆக்லாந்துவரை வந்திருக்கிறதாம், இங்கே இது லேசில் தெரியாதாம், ரேடியோவில் சொல்கிறார்கள், நீரும் வாசலில் நின்று பாரும் என்றார்.

அக்கா போனை வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். பயம் தெளிந்த அழுகை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பி வாசலில் நின்று பார்த்தார். எதிர்வீட்டுக் கூரை, தெருவிளக்கு, மின்கம்பம், அதற்கும் மேலே கையகலத்துக்குச் சிவப்பு. அவ்வளவுதான் அங்கிருந்து தெரிந்தது.

"பிளாக்ஹவுஸ் பே பத்து நிமிஷம்," என்றேன். "தெற்கே பாத்த கடல். தண்ணிக்கு மேல முழுசாத் தெரியும். காடியில போயிட்டு வந்திடலாம், காமிராவை எடுங்க."

அவர் விளக்கைப் பார்த்தார். எண்ணெய் பாதிதான் குறைந்திருந்தது. அது தீர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை வானம் காத்திருக்குமா? நான் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போங்கள் என்றால் அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. தெரிந்திருந்தாலும் பக்கத்தில் இருக்க வேண்டியது அவர், நான் இல்லை. ஊதி அணைப்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. இந்த வானம் இன்னொரு தடவை இந்த ஊருக்கு வருமென்று என்ன நிச்சயம், ஒரே ஒரு சாயங்காலம் உங்களுக்கென்று எடுத்துக்கொண்டால் எந்தக் கடவுள் கோபிக்கும் என்று கத்தினேன். அவர் திருப்பிக் கத்தவில்லை. விளக்கைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"பக்கத்தில இருப்பன் எண்டுதான் நேந்தனான்," என்றார். "அது எங்க இருக்கோணும் எண்டு..." என்று இழுத்தார். வாசலில் என்று நேர்ந்தது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பேரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

குசினிக்குப் போய், பருப்பு போட்டு வைத்திருந்த பெரிய கண்ணாடிப் போத்தலைக் கொண்டுவந்தார். இங்கே டேரி என்கிற மூலைக்கடையில் மிட்டாய் போட்டு வைப்பார்களே, அந்த அகல வாய்ப் போத்தல். பருப்பை ஒரு சட்டியில் கொட்டி, அடியில் மட்டும் நான்கு விரல் உயரம் மிச்சம் வைத்து, அதன் மேல் விளக்கை இடுக்கியால் பிடித்து எரிய எரிய இறக்கினார். பருப்பு விளக்கை ஆடாமல் பிடித்துக்கொண்டது. ஊரில் தங்கை ரதிதேவி வீட்டில் இப்போது எல்லாம் போத்தல் விளக்குத்தான், மண்ணெண்ணெய் இல்லை, ஜாம் போத்தலுக்குள் திரியை வைத்துச் சொட்டுச் சொட்டாக எரிக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே செய்தார். அந்தத் தங்கை அங்கேயே தங்கியிருப்பதும் ஜனார்த்தனுக்காகத்தான். வந்தால் வீட்டில் ஆள் இருக்க வேண்டுமே.

காரில் அக்கா முன்சீட்டில் இருந்தார். மடியில் போத்தல், காலடியில் காமிரா, கையில், கார் பள்ளத்தில் ஏறி இறங்கும்போது போத்தலின் வாயை மறைக்க, ஒரு தாம்பாளம். நான் மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டினேன். பின்னால் வந்தவன் ஹார்ன் அடித்து, முந்திப் போகும்போது ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்தான். இருட்டுக் காருக்குள் மடியில் விளக்கெரியச் சேலை கட்டிய ஒருத்தி. அவன் என்ன நினைத்துக்கொண்டானோ, மறுபடி ஹார்ன் அடிக்காமல் போய்விட்டான். எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவும் சிரித்தார்.

சிரித்து முடித்தவர் முன்னால் பார்த்தபடியே பேசினார்.

"எனக்கு அலுத்துப்போச்சு, பிள்ளை. அலுத்துப்போச்சு எண்டு ஆரிட்டைச் சொல்லுறது? சொன்னா அவனை விட்டிட்டன் எண்டெல்லே அர்த்தம்."

நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

பிளாக்ஹவுஸ் பேயில் தண்ணீர் ஏறியிருந்தது. வற்றின நேரமாக இருந்தால் மனுகாவ் கடல் வெறும் சேறுதான். அன்றைக்கு எங்கள் அதிர்ஷ்டம். கரையில் இருட்டோடு இருட்டாக இருபது முப்பது பேர், காமிராக்களை முக்காலியில் நிறுத்திவிட்டுக் கோயிலில் நிற்கிற மாதிரி நின்றார்கள். எதிர்க்கரை மலைக்கு மேலே வானம் முழுக்கச் சிவப்பு எழும்பி நின்றது. அதில் வெளுத்த கோடுகள் நெட்டுக்குத்தாக மெதுவாக நகர்ந்தன. மேற்கில் கடைசி வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. கடல் முழுவதும் அதே சிவப்பாகக் கிடந்தது. நான் கார்க் கதவைத் திறந்தபடி வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

அக்கா போத்தலோடு இறங்கினார். இருட்டில் அந்தச் சின்ன விளக்கு என்ன வெளிச்சம் போட்டது தெரியுமா! அத்தனை தலைகளும் திரும்பின. ஒருவர் மணலில் நடந்து வந்து, தொந்தரவுக்கு மன்னிக்க வேண்டும், இந்த வெளிச்சம் எல்லோருடைய படத்திலும் விழுகிறது, அணைக்க முடியுமா என்று மரியாதையாகக் கேட்டார். அக்கா முடியாது என்று தலையாட்டினார். வந்தவருக்குப் புரியவில்லை. ஒரு காரணம் சொல்வோமென்று நான் ஆங்கிலத்தில் தேடினேன், கிடைக்கவில்லை. அக்கா தானாகவே திரும்பி, படகு வைக்கிற கொட்டிலின் பின்பக்கம் போய், போத்தலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்றார். வெளிச்சம் ஒருவர் கண்ணிலும் படாது. வானமும் அவர் கண்ணில் படாது.

"நீர் போய் எடும்," என்று காமிராவை என்னிடம் நீட்டினார். "என்ன நிறம் எண்டு வந்து சொல்லும்."

போனேன். பார்த்தேன். திரும்பி வந்து, சிவப்பு என்றேன். எப்படிப்பட்ட சிவப்பு, மஞ்சள் கூடின சிவப்பா, நீலம் கலந்த சிவப்பா, தண்ணீரில் அதே நிறமா, கொஞ்சம் குறைவா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மெஷினில் எந்த விசையை எத்தனை தடவை தட்ட வேண்டும் என்று அப்போதே கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது. இத்தனை தூரம் வந்து, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? எனக்கு வந்தது அழுகையா கோபமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"நான் சொல்ல மாட்டேன்," என்றேன். "பாக்கணும்னா நீங்க வந்து பாருங்க."

அவர் அசையவில்லை. நானும் அசையவில்லை. கரையில் யாரோ குழந்தை ஒன்றுக்கு வானத்தைக் காட்டிப் பெயர் சொல்லிக்கொடுத்தார்கள். அக்கா தாம்பாளத்தால் போத்தலின் வாயைப் பாதி மறைத்துக்கொண்டு, பக்கவாட்டில் ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து, கொட்டிலின் மூலைக்கு வந்து தலையை மட்டும் நீட்டினார். பார்த்தார். பார்த்தவர் தலையை உள்ளே இழுக்கவில்லை. இன்னும் ஓர் அடி வெளியே வந்தார். தாம்பாளம் பிடித்த கை தன்பாட்டில் இறங்கியதை அவர் கவனிக்கவில்லை.

கடல்காற்று போத்தலுக்குள் இறங்கியது. சுடர் ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி சாய்ந்து அணைந்தது.

"நூர்ந்துபோச்சு," என்றார்.

நேர்த்தி என் நேர்த்தி இல்லை, மகன் என் மகன் இல்லை, இருந்தாலும் ஒரு கொலை செய்துவிட்ட மாதிரி இருந்தது. என் கோட்டுப் பையில் தீப்பெட்டி இருந்தது. புறப்படும்போது அவர்தான் போட்டுக்கொள்ளச் சொன்னார். எடுத்து நீட்டினேன். அவர் அதை வாங்கினார். கையில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

"கொஞ்சம் பொறும்," என்றார்.

போத்தலை மணலில் வைத்துவிட்டு, என் கையிலிருந்த காமிராவை வாங்கிக்கொண்டு நடந்தார். நேரே தண்ணீர் ஓரத்துக் கல்கட்டுக்குப் போய், போட்டிருந்த கார்டிகனைக் கழற்றி மடித்துக் கட்டின் மேல் வைத்து, அதில் காமிராவை அழுத்தி இருத்தினார். பிறகு குனிந்து ஒரு விரலால் ஷட்டரை அமுக்கிப் பிடித்தார். அவர் வாய் அசைந்தது. பக்கத்தில் போனபோது கேட்டது: விளக்கடியில் இருந்து தினமும் பாடுகிற தேவாரம். அதை முடித்ததும் விரலை எடுத்தார். ஃபிலிமைச் சுற்றிவிட்டு மறுபடி அமுக்கினார், மறுபடி முதலிலிருந்து பாடினார். மூன்று படம். மே மாதக் குளிரில் கார்டிகன் இல்லாமல், சேலைத் தலைப்பு காற்றில் பறக்க, அவர் வானத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அப்படிப் பார்த்த முகத்தை நான் பார்த்தேன். ராகவியை விடச் சின்னப் பிள்ளையாக இருந்தது.

முடிந்ததும் கொட்டில் பக்கம் வந்து, போத்தலுக்குள் கையை விட்டுத் திரியைத் தூண்டி, இரண்டு குச்சியை வீணாக்கி மூன்றாவதில் விளக்கை ஏற்றினார். வீட்டில் ஓட்டின் மேல் பழையபடி வைத்து, அது எண்ணெய் தீர்ந்து அணையும்வரை பக்கத்தில் இருந்தார். இடையில் சதாசிவம் அண்ணர் வந்து, வானத்தைப் பார்த்தீரா என்று உற்சாகமாகக் கேட்டார். பார்த்தேன் என்றார் அக்கா. அண்ணர் விளக்கைக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனார். நான் என் மளிகைப் பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

மறுநாள் திங்கட்கிழமை அக்கா முதல் வேலையாக அந்த ஃபிலிமைக் கழுவினார். இரண்டு படம் அசைந்து கெட்டிருந்தன. ஒன்று நன்றாக வந்திருந்தது. மெஷின் வழக்கம் போலத் திருத்திச் சாம்பலாக்கிக் காட்டியது. அக்கா விசைகளைத் தட்டித் தட்டி, அது போட்ட சாம்பலையெல்லாம் நீக்கி, தான் கண்ட சிவப்பை வெளியே கொண்டுவந்தார். மத்தியானம்வரை வேறு எந்த வேலையும் ஓடவில்லை. கறுத்த மலை, சிவந்த வானம், அதற்குக் கீழே சற்றே இருண்ட சிவப்பில் தண்ணீர். முதலாளி பார்த்துவிட்டுக் கடைக் கண்ணாடியில் மாட்டலாமா என்று கேட்டார். அக்கா வேண்டாமென்றார்.

மூன்றரைக்குக் கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டார். பஸ் நிறுத்தம்வரை நானும் கூடப் போனேன். அங்கே அந்தப் படத்தை உறையோடு எடுத்து என் கையில் கொடுத்தார். உங்கள் வீட்டிலேயே மாட்டுங்கள் அக்கா, எவ்வளவு நன்றாக வந்திருக்கிறது என்றேன். அவர் தலையாட்டி மறுத்தார். அணைந்த விளக்கை நினைத்துப் பயப்படுகிறார் என்று நினைத்து, காற்றுத்தானே அணைத்தது, நீங்களா அணைத்தீர்கள் என்று ஆறுதல் சொன்னேன்.

"விளக்கு நூர்ந்தது இல்லை," என்றார். "நூர்ந்தது காத்துக்கு. அந்தத் தேவாரம்தான். நாலு வருஷமா அவனுக்காகப் பாடுறன். நேற்றைக்கு அவனுக்காகப் பாடேல்லை, படத்துக்குக் கணக்காப் பாடினன். அந்த நேரம் முழுக்க எனக்கு அவன்ர நினைப்பே வரேல்லை, நிர்மலா."

பஸ் வந்து நின்றது. அவர் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினார்.

"எவ்வளவு சுகமா இருந்தது தெரியுமே? அதைத்தான் வீட்டில வைக்கேலாது," என்றார்.

வெயில் அதற்குள் கடைகளின் கூரைக்கு ஏறியிருந்தது. அக்கா உள்ளே போய் ஜன்னலோரம் உட்கார்ந்து, பொழுது எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று வானத்தைப் பார்த்தார். படம் இன்றைக்கும் என் வீட்டுச் சுவரில்தான் இருக்கிறது.